பீரங்கியின் இடது கால்

அந்தக் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்கு இரண்டு வருஷமாக ஒரே ஒரு வித்தைதான் தெரியும். கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைப்பாள், நாலடி பின்னால் போவாள், ஓடி வந்து ஒரே உதை. பந்து நடுக்கோட்டைத் தாண்டி, எல்லார் தலைக்கும் மேலே பறந்து அந்தக் கோடியில் போய் இறங்கும். அங்கே ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவான ஒருத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். தலையால் ஒரு முட்டு. கோல். உதைத்தவளுக்குப் பெயர் பீரங்கி, முட்டியவளுக்குக் கொக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

இந்த ஒற்றை வித்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமும் அரையிறுதி வரை போனார்கள். இரண்டு வருஷமும் அங்கேயே மூக்குடைபட்டுத் திரும்பினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரிக்காரிகள், கொக்குக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று காவல் போட்டுவிட்டார்கள். பீரங்கி எத்தனை குண்டு போட்டும் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

நாலு வருஷப் படிப்பில் பீரங்கிக்கும் கொக்குக்கும் மூன்றாம் வருஷம் தொடங்கியபோது பழைய கோச் வேறு கல்லூரிக்குப் போயிருந்தார். நிர்வாகம் புதிதாக யாரையும் தேடவில்லை. கணிதத் துறை விரிவுரையாளர் ஒருவர் பயிற்சியாளர் சான்றிதழ் வைத்திருக்கிறார் என்று எப்படியோ மோப்பம் பிடித்து, அணியை அவர் தலையில் கட்டிவிட்டது. முப்பத்தைந்து வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ். மாணவிகள் முன்னால் மேடம் என்பார்கள், பின்னால் கணக்கு என்பார்கள்.

முதல் நாளே கணக்கு மேடம் வாலிபால் கம்பங்கள் நான்கைத் தூக்கிவரச் சொல்லி நடுக்கோட்டில் வரிசையாக நடவைத்தார். துணி காயப்போடும் நைலான் கயிற்றைத் தலை உயரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டினார்.

"பந்து இனிமே இந்தக் கயித்துக்குக் கீழேதான் போகணும். மேல போனா பந்து அடுத்த டீமுக்கு."

எல்லாரும் பீரங்கியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள்தான் கேப்டனும்கூட.

"அப்ப நான் எப்படி மேடம் உதைக்கிறது?"

"உதைக்க வேணாம். பாஸ் பண்ணு."

"கோல்கீப்பர் பாஸ் பண்றதா?"

"நம்ம அட்டாக் உன் கால்லேருந்துதான் ஆரம்பிக்குது," என்றார் மேடம், ரொட்டி வாங்கிவரச் சொல்கிற மாதிரி. பிறகு குந்தி உட்கார்ந்து ஆடுகளத்துக்கு வெளியே இருந்த சிமெண்ட் மேடையில் சாக்பீஸால் வரைந்தார். கோலுக்கு முன்னால் பீரங்கி. இடப்பக்கம் ஒரு டிஃபெண்டர், வலப்பக்கம் ஒரு டிஃபெண்டர், இருவரும் நன்றாக விலகி. பந்து பீரங்கியின் காலடியில். எதிரணியிலிருந்து ஒருத்தி அதைப் பிடுங்க ஓடி வருவாள். வரட்டும். அவள் யாரை விட்டுவிட்டு வருகிறாளோ அவளுக்குப் பந்தைக் கொடு. அடுத்தவள் அவளைத் தேடி ஓடி வருவாள். அவளும் யாரையோ விட்டுவிட்டுத்தான் வருவாள். இப்படியே ஆள் ஆளாக இழுத்து, ஓட்டை ஓட்டையாகத் தாண்டி, அந்தக் கோடிக்குப் போய்ச் சேர வேண்டும்.

"மேடம், நான்?" என்றாள் கொக்கு. வரைபடத்தில் அவள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"நீ இறங்கி நடுவுக்கு வரணும். கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, பக்கத்துல ஓடி வர்றவளுக்குத் தட்டி விடணும்."

கொக்கின் முகத்தில் ஈயாடவில்லை. போன வருஷம் பதினொரு கோல் அடித்தவளைக் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னால் வேறு எப்படி இருக்கும்?

பயிற்சி ஒரு மாதம் நடந்தது. பீரங்கி வலது காலில் தட்டினால் பந்து சொன்ன இடத்துக்குப் போனது. இடது காலில் தட்டினால் அதற்கே ஒரு மனசு இருப்பது போலப் போனது. பிறந்ததிலிருந்து இடது காலை நிற்பதற்கு மட்டுமே வைத்திருந்தவள் அவள். "பழகிடும்," என்றார் மேடம். பழகவில்லை.

லீக்கில் முதல் ஆட்டம் ஒரு நோஞ்சான் அணியுடன். போன வருஷம் நாலு கோல் போட்டு ஊதித்தள்ளிய அணிதான். பதினைந்தாம் நிமிஷம் பீரங்கி காலடியில் பந்தை வைத்துக்கொண்டு யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் ஒருத்தி வந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கோலில் போட்டுவிட்டாள். இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. மூன்றாவதுதான் அநியாயம். யாரும் துரத்தவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. இடது காலால் பூட்டுக்குத் தட்டினாள். இடப்பக்க டிஃபெண்டரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளைத் தாண்டி எதுவும் போகாது என்பதால். பந்து பூட்டுக்குப் போகவில்லை. நேராக எதிரணி ஃபார்வர்டின் காலுக்குப் போய்ப் பரிசுப் பொருள் மாதிரி நின்றது. அவளுக்கே கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் அடித்தாள்.

மூன்றுக்குப் பூஜ்ஜியம்.

அந்த மூன்றாவது கோலை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். மறுநாள் காலைக்குள் கல்லூரி முழுக்க சுற்றிவிட்டது. கேண்டீனில் பீரங்கி டம்ளரோடு உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் யாரோ பிஸ்கட் பொட்டலத்தை நீட்டி, "இந்தா, நீயும் எதிராளிக்கு ஒண்ணு குடு," என்பார்கள். அவள் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்ய?

வீட்டிலும் செய்தி முந்திக்கொண்டது. வீட்டில் மூன்று பேர். ஜன்னலோரம் தையல் மிஷினில் பள்ளிச் சீருடைகள் தைக்கிற அம்மா, பேருந்துக் கண்டக்டராக இருக்கிற அத்தை, இவள். அப்பா லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் தலையைக் காட்டுவார்.

அத்தை தோல்பையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "மருமகளே, இன்னைக்கு வண்டியில ரெண்டு பேரு போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என்னடா அதுன்னு எட்டிப் பார்த்தா, நீ."

பீரங்கி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பேரையும் டிக்கெட்டை எடுன்னேன். ஒருத்தன்கிட்ட இல்ல. அடுத்த ஸ்டாப்பிங்லயே இறக்கி விட்டுட்டேன்."

அம்மா மிஷினை நிறுத்தாமலே, "அவமானப்பட்டுக்கிட்டு இந்த விளையாட்டு எதுக்கு?" என்றாள். பீரங்கி சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் உடைமாற்றும் அறையில் கொக்கு ஒரு காகிதத்தோடு காத்திருந்தாள். அந்த அறையில் எப்போதும் ஈரக் காலுறை நாற்றம். கதவு முழுதாகச் சாத்தாது. பெஞ்சு ஒருபக்கம் ஆடும். பெஞ்சின் ஆடாத பக்கத்தில் காகிதத்தை விரித்தாள். முதல்வருக்குக் கடிதம். புதிய ஆட்டமுறை அணிக்கு ஒத்துவரவில்லை, பழைய முறைக்கே திரும்ப அனுமதிக்க வேண்டும், இல்லையேல் வேறு பயிற்சியாளர் வேண்டும். கீழே ஒன்பது கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே கேப்டனுக்கென்று ஒரு கோடு காலியாக விட்டிருந்தது.

"போடு," என்றாள் கொக்கு, பேனாவை நீட்டி. "உனக்காகத்தான்டி இது. ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குது."

பீரங்கி பேனாவை வாங்கினாள். பேனா முனை அந்தக் கோடு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கோடு கிழித்தால் போதும். நாளையே பழையபடி நாலடி பின்னால் போய் ஓங்கி உதைக்கலாம். யாரும் சிரிக்கப்போவதில்லை. அரையிறுதி வரை போகலாம். அரையிறுதியில்? அங்கேதான் அவளுக்குக் கை நின்றது.

"நாளைக்குப் போடறேன்," என்றாள்.

"நாளைக்கு என்ன, நல்ல நேரம் பார்க்கப் போறியா?"

"ஒரு ஆளைப் பார்க்கணும்."

கணக்கு மேடம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பீரங்கி வாசலிலேயே நின்று மனப்பாடம் பண்ணி வந்ததை ஒப்பித்தாள். "என்னால முடியல மேடம். அடுத்த ஆட்டத்துக்கு ரெண்டாவது கீப்பரை இறக்குங்க."

மேடம் சிவப்புப் பேனாவை மூடினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து அவள் பக்கமாகத் திருப்பிவைத்தார். பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் கோடுகள், அம்புக்குறிகள்.

"அந்த ஆட்டத்துல நீ முப்பத்தொரு பாஸ் குடுத்த. இருபத்தாறு சரியா போயிருக்கு. தப்பினது அஞ்சு. அஞ்சுமே இடது கால்."

பீரங்கி நோட்டைப் பார்த்தாள். ஊர் முழுக்க ஒரே ஒரு பாஸைப் பார்த்திருந்தது. மிச்சம் முப்பதையும் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"இன்னொண்ணு," என்றார் மேடம். "பூட்டை ரொம்பக் கிட்ட நிக்க வெச்சது என் தப்பு. கிட்ட நின்னா ஒரே ஆளு உங்க ரெண்டு பேரையும் மறிச்சிடுவா. அதை நான் காகிதத்துல சரியா பார்க்கல. அடுத்த ஆட்டத்துல மாத்தறேன்."

மேடம் நோட்டை மூடி இழுப்பறையில் வைத்தார்.

"கடிதம் ஒண்ணு சுத்திக்கிட்டிருக்குன்னு கேள்விப்பட்டேன். குடுக்கணும்னா குடுங்க. நான் மனசுல வெச்சுக்க மாட்டேன். ஆனா நீ கீப்பரா நிக்கப் போறியா இல்லையான்னு அதுக்கு முன்னாடி சொல்லிடு. மத்தவங்களை எங்க நிறுத்தறதுன்னு நான் போட்டுப் பார்க்கணும்."

பீரங்கி வந்தது வேறு சொல்ல. வாயிலிருந்து வந்தது வேறு. "நிக்கறேன் மேடம்."

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கேட்டாள். "உங்க டெப்போவுல பெரிய சுவரு ஏதாவது இருக்கா அத்தை?"

"சுவருக்கு என்ன பஞ்சம்? எதுக்கு, தலையை முட்டிக்கவா?"

அத்தை மறுநாளே நேரக் கண்காணிப்பாளரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டாள். விடியற்காலை ஐந்தரைக்கு அத்தையின் முதல் ஷிஃப்ட். அவளோடு பீரங்கியும் கிளம்பினாள். பணிமனையின் பின்பக்கம், பேருந்துகளைக் கழுவும் இடத்தைத் தாண்டி, நீளமான ஒரு சுவர் இருந்தது. டயர்களைச் சாய்த்து வைத்துச் சாய்த்து வைத்து இடுப்புயரம்வரை கறுத்துப்போன சுவர். தரையில் டீசல் வழுக்கல். பீரங்கி சுவரில் சாக்பீஸால் இரண்டு கட்டம் வரைந்தாள். இடது காலால் இந்தக் கட்டத்துக்கு நூறு, அந்தக் கட்டத்துக்கு நூறு.

முதல் நாள் இருநூறில் அறுபதுகூடத் தேறவில்லை. பந்து தப்பிப் போய்ப் பேருந்துகளுக்கு அடியில் உருளும். அவள் தவழ்ந்து போய் எடுத்துக்கொண்டு, கிரீஸ் பூசிய முழங்கையோடு வெளியே வருவாள். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். "வண்டி ஓட்டிப் பழகறவங்க சுவத்துல இடிப்பாங்க, இந்தப் பொண்ணு சுவத்தைத் தவிர எல்லாத்தையும் இடிக்குது," என்றார் ஒருவர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் தொண்ணூறு. பத்தாம் நாள் நூற்றி முப்பது. இடது கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிக்கொண்டு இழுத்தது. அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

இதற்கிடையே இரண்டாவது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. தோற்கவில்லை என்பதைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கட்டத்தில் சரியாகப் போகிற பந்து ஆட்டத்தில் ஏன் தடுமாறுகிறது என்று பீரங்கி மண்டையை உடைத்துக்கொண்டாள். காரணம் பணிமனையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பிடிபட்டது. சுவர் இருந்த இடத்தில் இருந்தது. சுவர் முறைத்துக்கொண்டு ஓடி வரவில்லை.

அன்று மாலை கொக்கிடம் போனாள். கடிதத்தில் கையெழுத்துப் போடாததிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"நாளைக்குக் காலையில டெப்போவுக்கு வா."

"எதுக்கு?"

"என்கிட்டேருந்து பந்தைப் பிடுங்கறதுக்கு. என் மேல உனக்குக் கோபம் இருக்கில்ல? அந்தக் கோபத்தோடயே வா."

கொக்கு வந்தாள். கோபத்தோடேதான் வந்தாள். பீரங்கி பந்தைக் காலடியில் வைத்த மறுகணம், அந்த நீண்ட கால்கள் புயல் மாதிரி பாய்ந்து வந்தன. முதல் பத்தில் எட்டு பந்து கொக்குக்கு. எட்டாவதில் இருவரும் டீசல் தரையில் வழுக்கி விழுந்தார்கள். கொக்கு எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தான் சொன்னேன், தூக்கி அடின்னு," என்றாள்.

"பேசாத. மறுபடி வா."

மறுபடி வந்தாள். மறுநாளும் வந்தாள். பத்தில் ஆறு, பத்தில் ஐந்து. பீரங்கி ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டாள்: பந்தைப் பார்க்கக் கூடாது, ஓடி வருகிறவளின் இடுப்பைப் பார்க்க வேண்டும். அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தட்ட வேண்டும். நாலாம் நாள் கொக்கு பத்து தடவை பாய்ந்தும் இரண்டே பந்துதான் கிடைத்தது. பத்தாவது தடவை பந்து அவளைத் தாண்டிப் போய்ச் சுவரின் இடது கட்டத்தில் சத்தென்று பட்டது. கொக்கு நின்ற இடத்திலேயே திரும்பி, தான் ஓடிவந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"என்னடி?" என்றாள் பீரங்கி.

"நான் உன்கிட்ட ஓடி வர்றப்ப, என் முதுகுக்குப் பின்னாடி ஒரு மைதானமே காலியாக் கிடக்குதுடி."

"அதைத்தானே மேடம் ரெண்டு மாசமா சொல்றாங்க."

"சொன்னாங்க. எனக்கு இப்பத்தான் தெரியுது." கொக்கு பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்தாள். மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்த அதே கடிதம். அதைத் திருப்பி, பேருந்தின் படிக்கட்டில் வைத்து, வெறும் பக்கத்தில் வரையத் தொடங்கினாள். "அக்கரைக்காரிங்க ரெண்டு பேரு என்னை விட்டுப் பிரியவே மாட்டாங்க, சரியா? நான் இங்க இறங்கி வந்தா அவளுங்களும் கூடவே வருவாளுங்க. வந்தா இங்க என்ன இருக்கும்?"

"ஒண்ணுமே இருக்காது."

"சுண்டெலியை இங்க ஓட விட்டா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுண்டெலி நடுக்கள ஆட்டக்காரி. கொக்கின் தோளுக்குக்கூட வராதவள். இந்த அணியில் இரண்டு வருஷமாகத் தலைக்கு மேல் பறக்கும் பந்தை அண்ணாந்து பார்ப்பதுதான் அவள் வேலையாக இருந்தது.

அன்று மாலைப் பயிற்சிக்குக் கொக்குதான் முதலில் வந்து நின்றாள். கையெழுத்துப் போட்ட மற்ற எட்டுப் பேரும் என்ன ஏது என்று விசாரித்தார்கள். "கடிதம் தீர்ந்துபோச்சு," என்றாள் கொக்கு. "பின்பக்கமும் எழுதியாச்சு."

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். நாலாவதில் இரண்டு. ஐந்தாவதில் மறுபடி சமன். எப்படியோ தட்டுத்தடுமாறி நாலாம் இடத்தைப் பிடித்து அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே முதலிடத்தில் வந்து அவர்களுக்காகக் காத்திருந்தது அக்கரைக் கல்லூரி.

அன்றைக்கு மைதானத்தில் கூட்டம். அத்தை சீருடையிலேயே, தோல்பையோடு, ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. அவள் ஆட்டம் பார்க்க வந்ததே அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் நம்ம பக்கம் என்று அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நிமிஷம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் அது நடந்தது. பூட்டிடமிருந்து பந்து பீரங்கிக்கு வந்தது. அக்கரை ஃபார்வர்டு பாய்ந்தாள். பீரங்கி இடுப்பைப் பார்த்தாள், சரியாகத்தான் கணித்தாள், இடது காலால் தட்டினாள். கால் ஓர் அங்குலம் முன்னாலேயே மண்ணில் பட்டுவிட்டது. பந்து பாதி தூரம் போய்ச் சோர்ந்தது. ஃபார்வர்டு அதை எடுத்துக்கொண்டு இரண்டே எட்டில் கோலில் போட்டாள்.

கூட்டத்தில் "ஐயோ" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு சொந்தக் கல்லூரிக்காரர்களே கத்த ஆரம்பித்தார்கள். "தூக்கி அடி! தூக்கி அடிடி!" பீரங்கி குனிந்து வலைக்குள் கிடந்த பந்தை எடுத்தாள். நிமிர்ந்து கணக்கு மேடத்தைப் பார்த்தாள். மேடம் கோட்டோரம் சிலை மாதிரி நின்றார். அடி என்றும் சொல்லவில்லை, அடிக்காதே என்றும் சொல்லவில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கி, கொஞ்ச நேரத்தில் பந்து கோட்டைத் தாண்டிப் போய் கோல்கிக் வந்தது. பந்தை வைத்தாள். கூட்டம் விடாமல் கத்தியது. வலது கால் தானாகவே நாலடி பின்னால் போகத் துடித்தது. உதைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உதைத்துவிட்டுத் தோற்றால்கூட, பாவம், அவள் என்ன செய்வாள் என்பார்கள். அந்தப் பாவத்தை இரண்டு வருஷம் சுமந்தாயிற்று. பூட்டைப் பார்த்தாள். பூட்டின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் விலகி, சரியான இடத்தில் நின்றிருந்தாள். பீரங்கி இடது காலால் அவளுக்குத் தட்டினாள்.

பூட்டு திருப்பித் தந்தாள். அக்கரை ஃபார்வர்டு, இன்னொன்று கிடைத்துவிடும் என்ற ருசியில், தலைகால் புரியாமல் பாய்ந்து வந்தாள். வரட்டும். இன்னும் வரட்டும். இடுப்பு வலப்பக்கம் திரும்பியது. இடது கால். பந்து அவள் பக்கவாட்டில் ஊர்ந்து, ஆளில்லாத இடத்தில் நின்ற சுண்டெலியிடம் போனது. கோல் வரவில்லை. ஆனால் கத்தல் குறைந்தது. அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து, அவள் ஒன்றைக்கூடத் தூக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு பத்தாம் நிமிஷம் பீரங்கி, பூட்டு, மறுபடி பீரங்கி, சுண்டெலி என்று பந்து நகர்ந்தது. கொக்கு நடுவுக்கு இறங்கி வந்து கோலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு காவலாளிகளும் விசுவாசமாக அவள் பின்னாலேயே வந்தார்கள். சுண்டெலி பந்தைக் கொக்குக்குக் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓடினாள். கொக்கு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே தட்டு. காவலாளிகள் கழுத்தைத் திருப்புவதற்குள் சுண்டெலி அவர்களைத் தாண்டி, அகன்று கிடந்த வெளியில், கீப்பரோடு தனியாக இருந்தாள். மூலையில் உருட்டிவிட்டாள்.

ஒன்றுக்கு ஒன்று. அத்தை விசிலை எடுத்து ஊதிவிட்டாள். நடுவர் திரும்பி முறைத்தார். பேருந்து விசில் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

இரண்டாவது கோல் அவ்வளவு அழகானதல்ல. முடிய ஏழு நிமிஷம் இருந்தபோது, காவலாளிகளில் ஒருத்தி இனி இறங்கி வருவதா வேண்டாமா என்று குழம்பி நடுவாந்தரத்தில் நின்றுவிட்டாள். அந்த இடைவெளியில் சுண்டெலி அடித்த பந்து கீப்பரின் கையில் பட்டுத் தெறித்து, ஓடி வந்த கொக்கின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. கொக்கு அதைத் தான் பார்த்துப் பார்த்து அடித்ததாகவே சாதித்தாள்.

கடைசி ஏழு நிமிஷமும் அக்கரைக்காரிகள் மேலே விழுந்து விழுந்து வந்தார்கள். பீரங்கி இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்தாள். பிடித்த ஒவ்வொன்றையும் தரையில் உருட்டி, பக்கத்தில் இருந்தவளுக்குத்தான் கொடுத்தாள். நீண்ட விசில் கேட்டதும் அவள் கையுறைகளைக் கழற்றினாள். பூட்டு வந்து கட்டிப்பிடித்தாள், அப்புறம் எல்லாரும். அம்மா அங்கிருந்தே கையசைத்தாள். மேடம் வந்து சேர்ந்ததும் பீரங்கி கேட்டாள்.

"முதல் கோல் விழுந்தப்ப ஏன் மேடம் ஒண்ணுமே சொல்லல?"

மேடம் கொஞ்சம் தயங்கினார். "தூக்கி அடின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தொண்டை வறண்டு சத்தமே வரல."

பீரங்கி அவரையே பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காரணம் புரியவில்லை.

இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். ஒன்றுக்குப் பூஜ்ஜியம். எதிரணி இவர்களைவிட வேகம், இவர்களைவிட நல்ல அணி. அதை மறுக்க ஒன்றுமில்லை. இரண்டாம் இடத்துக்கான சிறிய கோப்பையை முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை பயிற்சி கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நாலரை மணிக்குப் பதினாறு பேரும் மைதானத்தில் இருந்தார்கள், யாரும் கூப்பிடாமலே. மேடம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார்.

"இறுதி ஆட்டத்துல நாம தோத்ததுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சிருக்கேன்," என்றார். "பூட்டுக்கும் கீப்பருக்கும் நடுவுல தூரம் அதிகம். பீரங்கி, பந்து நம்மகிட்ட இருக்கறப்ப நீ இன்னும் பத்தடி முன்னாடி வந்து நிக்கணும்."

"பத்தடியா? கோல் காலியாக் கிடக்குமே மேடம்!"

"கிடக்கும்."

"யாராவது தூக்கி அடிச்சா?"

"திரும்பி ஓடணும். வேகமா ஓடணும். அதையும் பழகணும்."

கொக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பீரங்கி அவளை ஒரு முறை முறைத்துவிட்டுக் கையுறைகளை மாட்டினாள், பட்டையை இறுக்கினாள், கோல் கோட்டிலிருந்து அடிமேல் அடி வைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். பத்தில் நின்று, ஒரு தடவை பின்னால் திரும்பிக் காலியான கோலைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "பந்தை விடுங்க."